மூன்று கடலையும் ஜைனப் அக்கா கல்யாணமும்

9 அக்டோபர் 1966, ஞாயிறு

கணக்கு நோட்டின் மூலைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. முதல் பக்கத்து மூலையில் ஒரு புள்ளி. அடுத்த பக்கத்தில் அதே புள்ளி கொஞ்சம் மேலே. இப்படியே கடைசிப் பக்கம் வரை. கட்டை விரலால் சரசரவென்று விட்டால் புள்ளி குதித்துக் குதித்து ஓடி, தடுக்கி விழுகிறது. அம்மாவிடம் காட்டினேன். "எல்லாம் சரி, கணக்கு எங்கடி?" என்றாள்.

அப்பா தியேட்டர் வாசலில் கச்சாங் பூத்தே, அதாவது சுண்டல் கடலை, விற்பதில் எனக்கு ஒரு லாபம். கேட்காரர் என்னைப் பின்னால் நின்று சின்னப் படம் பார்க்க விடுவார். பெரிய படம் தொடங்கியதும் வெளியே வந்துவிட வேண்டும். வந்தால் என்ன? பெரிய படம் யாருக்கு வேண்டும்? போன மாதம் ஒரு சின்னப் படத்தில் தீக்குச்சிகள் பெட்டியைத் திறந்துகொண்டு தாமே எழுந்து வரிசையாக நடந்தன. நூலும் இல்லை, கையும் இல்லை! அன்று பிடித்த பைத்தியம். ஸ்டாம்ஃபோர்டு ரோடு நூலகத்தில் ஒரு புத்தகத்தில்தான் சூட்சுமம் கிடைத்தது. குச்சியைத் துளி நகர்த்து. கையை எடு. ஒரே ஒரு படம் பிடி. மறுபடி துளி நகர்த்து. கையை எடு. இன்னொரு படம். அவ்வளவுதான்!

இதை நானே செய்யலாம். எல்லாம் தயார். கேமரா மட்டும்தான் இல்லை.

11 அக்டோபர், செவ்வாய்

பூவம்மா டீச்சர் இன்று ஆய்த எழுத்து நடத்தினார். "பரீட்சையைத் தவிர வேற எங்கேயும் இத நீங்க எழுதப் போறதில்ல" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், ஃ. அஃது இஃது என்று ஓவன் ரோட்டில் யார் பேசுகிறார்கள்? மூன்று புள்ளி இருந்தும் உட்கார ஒரு சொல் இல்லை.

சாயங்காலம் அப்பா கடலை புடைத்துக்கொண்டிருந்தார். மூன்று வெள்ளைக் கடலையை எடுத்துத் தரையில் வைத்தேன். ஃ! அதுவும் மூக்குக்கடலை! மூக்கு இருப்பதால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிகிறது. கொஞ்சம் உருட்டினால் தலையைத் திருப்பிப் பார்க்கிறது. மூன்றும் என்னைப் பார்த்தன. சத்தியமாக.

14 அக்டோபர், வெள்ளி

கதை கிடைத்துவிட்டது!! கொடுத்தது பஸ் கண்டக்டர். அவருக்கே தெரியாது.

"பேரர் பாக்! பேரர் பாக் எறங்கு!" என்று கத்தினார். ஃபேரர் பார்க்கை நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம், கடைப் பலகையில் அப்படித்தான் எழுதுகிறோம். பேரர் என்றால் பேரப்பிள்ளைகள்! பேரனுங்க பார்க்! பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். ஆனால் முன்னால் ஒரு ஃ வந்து உட்கார்ந்தால் பேரர் ஃபேரர் ஆகிவிடும் அல்லவா? வீடில்லாத ஃ ஊரெல்லாம் சுற்றி, எங்கேயும் இடம் கிடைக்காமல், கடைசியில் பேரருக்கு முன்னால் வந்து உட்காருகிறது. முற்றும். கைதட்டல்.

16 அக்டோபர், ஞாயிறு

பக்கத்து வீட்டு அமீன் அண்ணனிடம் கதையைச் சொன்னேன். முழுப் பெயர் நூருல் அமீன். அவர் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், போட்டோ ஸ்டூடியோவில் வேலை.

"கடலைக்காரர் மக கடலைய வெச்சே படம் எடுக்கப் போறியா? நல்லா இருக்கு லா."

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. அவருடைய தங்கை ஜைனப் அக்காவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஸ்டூடியோவின் சினி கேமராவில் அவரே அதைப் படம் எடுக்கப் போகிறார். "கல்யாணம் போக மிச்சம் இருக்கற ரீல் உனக்கு. கேமராவும் கொஞ்ச நாளைக்குத் தர்றேன். கீழ போட்டுடாத."

கத்திவிட்டேன். கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் மேலே பார்த்தார்கள்.

23 அக்டோபர், ஞாயிறு

வெள்ளைத் துணியில் வெள்ளைக் கடலை தெரியவே இல்லை. கறுப்புதான் வேண்டும். கிழிந்துபோன அப்பாவின் குடையை அம்மா பிரித்து, துணியை நான் படம் எடுக்க வைத்திருந்த பலகையில் இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக் கொடுத்தாள். அடிக்கும்போது ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. கடலைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும், "என் கொடைக்கு வந்த வாழ்வப் பாரு" என்றார்.

6 நவம்பர், ஞாயிறு

ஜைனப் அக்கா கல்யாணம். பின்சந்தில் கூடாரம், பிரியாணி வாசனை தேக்கா பாசார் வரை போயிருக்கும். மாப்பிள்ளை நாகூர் கனி, தஞ்சோங் பகாரில் மளிகைக் கடை. மூக்கு கொஞ்சம் பெரிசு. நல்ல மூக்கு.

ஆனால் யூசுப் மாமா வரவில்லை. ஜைனப் அக்காவின் வாப்பா. கப்பலில் சமையல்காரர். போன வாரமே வந்திருக்க வேண்டியவர். கொழும்பில் கப்பலுக்கு எஞ்சின் கோளாறு. "எனக்காக நிறுத்தாதீர்கள்" என்று தந்தி வந்தது. நிக்காஹ் நேரத்தில் அழாத ஜைனப் அக்கா, அந்தத் தந்தியை யாரோ மறுபடி வாசித்தபோது அழுதுவிட்டார்.

அமீன் அண்ணன் கேமராவோடு ஓடி ஓடி எடுத்தார். "வாப்பாவுக்குத்தான் எடுக்கறேன். எல்லாரும் இங்க பாத்து சிரிங்க!" அவர்களுடைய உம்மா, சம்சு மாமி, கேமராவுக்குள்ளேயே மாமா உட்கார்ந்திருப்பது போல் கிட்டே வந்து ஸலாம் சொன்னார். "இதோ பாருங்க, ஒங்க மருமகன். ஒங்க பொண்ணு அழுவுறா, நீங்களே கேளுங்க." இந்தக் கேமராவில் குரல் பதியாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அமீன் அண்ணன் என் காலை மிதித்தார்.

9 நவம்பர், புதன்

கேமரா வந்துவிட்டது!!! கேமரா! என் மடியில்! இப்போது இதை எழுதும்போதுகூட மடியில்தான் இருக்கிறது.

அமீன் அண்ணன் சாச்சாவோடு ஸ்டூடியோ வேலையாகப் பினாங்கு போய்விட்டார். ஒரு மாதம் ஆகுமாம். சம்சு மாமிதான் கொண்டுவந்து கொடுத்தார்.

"மிச்ச ரீல் உள்ளயே இருக்காம். முடிஞ்சதும் மறக்காம திருப்பிடச் சொன்னான். ரெண்டு தடவ சொன்னான் சந்திரா."

"திருப்பாம இருப்பேனா மாமி!"

அவருக்குத் தெரியாது, நான் அந்த நூலகப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள். இந்த ஃபிலிம் ஒரு ரோடு மாதிரி. போகும்போது ஒரு ஓரத்தில் மட்டும் படம் பதியும். ஓடி முடிந்ததும் ரீலை எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். திரும்பி வரும்போது மறு ஓரத்தில் பதியும். கழுவும் இடத்தில் நடுவே கிழித்து, இரண்டையும் ஒட்டித் தருவார்கள். திருப்ப மறந்தால் பாதி ஃபிலிம் வீண். பினாங்கு போகிற அவசரத்திலும் அதை ஞாபகமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நல்ல மனுஷன்.

13 நவம்பர், ஞாயிறு

அப்பா என் கதாநாயகனைத் தின்றுவிட்டார். மூன்றில் நடு ஆள். "தட்டுல இருந்துச்சு, எடுத்து வாயில போட்டேன்" என்கிறார்.

15 நவம்பர், செவ்வாய்

தின்றதும் நல்லதுக்குத்தான். வேகவைத்த கடலை ஒரே நாளில் சுருங்கிக் கிழவனாகிவிடுகிறது. நேற்றுத் துள்ளி ஓடியவன் இன்று தொங்கிப்போய் நிற்கிறான். அப்பாவே யோசனை சொன்னார்: "பச்சக் கடலைய வெச்சுக்க. சுருங்காது, நானும் திங்க மாட்டேன்." அடியில் துளி மெழுகு வைத்து ஒட்டினேன். நிற்கிறது! தீபாவளிக்கு வந்த முறுக்கையும் விடவில்லை, மலைப்பாதையாக நடிக்க வைத்தேன். எறும்பு வந்துவிட்டது. எறும்பும் படத்தில் இருக்கும், பரவாயில்லை, இலவச நடிகர்.

கேமராவை மேசைக் காலோடு கட்டி, கீழே பார்க்கும்படி தொங்கவிட்டிருக்கிறேன். சாவி கொடுக்கும்போதெல்லாம் ஆடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவி கொடுக்கிறேன். வெளிச்சம் ஜன்னல் வழியாகக் காலையில் மட்டும்தான் சரியாக வருகிறது. அதுவும் மேல்வீட்டுக்காரர்கள் கம்பில் துணி காயப்போட்டால் போச்சு. இன்று ஒரு பச்சைச் சாரம் என் சூரியனை மறைத்தது. எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒங்க சாரத்த கொஞ்சம் தள்ளிப் போடுங்க, ஷூட்டிங் நடக்குது!" என்று கத்தினேன். தள்ளிப் போட்டார்.

27 நவம்பர், ஞாயிறு

ரீல் ஒரு பக்கம் ஓடி முடிந்துவிட்டது! ஃ வீடு தேடுகிற பகுதி முழுக்க எடுத்தாயிற்று. வெளிச்சம் படாமலிருக்கப் போர்வைக்குள் தலையையும் கேமராவையும் விட்டு, வியர்த்து வழிந்து, ரீலை எடுத்துத் திருப்பிப் போட்டேன். மாமி சொன்னது ஞாபகம் வந்தது. முடிஞ்சதும் மறக்காம திருப்பிடணும். மறக்கல மாமி.

4 டிசம்பர், ஞாயிறு

முடிந்தது. கடைசிக் காட்சி எப்படித் தெரியுமா? கறுப்பில் சாக்குக்கட்டியால் துளித் துளியாகக் கோடு இழுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு படம். பே முளைக்கிறது, ர முளைக்கிறது, ர் முளைக்கிறது. பார்க்கிறவர்கள் வாசிக்க வேண்டுமே என்று அப்படியே நிறைய நேரம் விட்டேன். பிறகுதான் மூன்று கடலையும் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து, முன்னால் உட்காருகின்றன. ஃபேரர்!

பலகையிலிருந்து துணியைப் பிரித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மழைக்குக் கச்சாங் பெட்டியை மூட எடுத்துக்கொண்டாள்.

11 டிசம்பர், ஞாயிறு

ஐயோ.

ஐயோ ஐயோ ஐயோ.

அமீன் அண்ணன் இன்னைக்குப் பினாங்குலேருந்து வந்தார். கேமராவையும் ரீலையும் கொடுத்தேன். பெருமையா கொடுத்தேன்! "அண்ணே, ஒரு பக்கம் ஃபுல்லா எடுத்து, திருப்பிப் போட்டு, அடுத்த பக்கமும் கிட்டத்தட்ட ஃபுல்லா எடுத்துட்டேன்."

அவர் சிரிச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு.

"எந்த ரெண்டு பக்கம்?"

"ரீலுக்கு ரெண்டு பக்கந்தானே அண்ணே?"

"சந்திரா. ஒரு பக்கத்துல கல்யாணம் இருக்கு."

மிச்ச ரீல்னா புது ரீல்னு நெனச்சேன். அவர் சொன்னது ரீல்ல மிச்சம். பாதி! ஒரு பக்கம் கல்யாணத்த எடுத்து, அவரே திருப்பிப் போட்டுத்தான் குடுத்திருக்கார். நான் மறுபடி திருப்பியிருக்கேன். திரும்பவும் கல்யாணத்து மேலயே வந்து நின்னுடுச்சு. அது மேல என் கடல!

"திருப்பிடச் சொன்னீங்களே!" அழுதுகிட்டே கேட்டேன்.

"கேமராவத் திருப்பிடச் சொன்னேன் லா! முடிஞ்சதும் கேமராவத் திருப்பிக் குடுத்துடுன்னு!"

வாசல்ல சம்சு மாமி யாருகிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தாங்க, பெருநாளைக்கு ஜைனப் வாப்பா வந்துடுவாங்க, வந்ததும் கல்யாணத்தப் படத்துல பாப்பாங்கன்னு.

12 டிசம்பர், திங்கள்

ரீலைக் கழுவ ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டார். "வந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் உம்மாகிட்ட வாயத் தெறக்காத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

16 டிசம்பர், வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. சம்சு மாமி சாயங்காலம் எங்களுக்கும் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி அனுப்பினார். வருஷா வருஷம் நான்தான் முதலில் பாய்வேன். இன்று தூக்கை அப்படியே மூடி வைத்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜைனப் அக்கா வந்திருந்தார். "வாப்பா பாக்கறப்ப நான் பக்கத்துல இருந்து ஒவ்வொருத்தரா காட்டணும் சந்திரா. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க யாரையும் அவங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

20 டிசம்பர், செவ்வாய்

நூலகத்துக்கு ஓடினேன். அந்தப் புத்தகத்தில் கடைசி அத்தியாயம். இத்தனை நாள் படிக்காமல் விட்டதே அதைத்தான், "தந்திரங்கள்" என்றிருந்ததால் பெரியவர்களுக்கு என்று நினைத்தேன். ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை எடுக்கிற தந்திரம் அதில் இருக்கிறது! வெளிச்சம் பட்டால்தான் ஃபிலிமில் ஏதாவது பதியும். கறுப்பிலிருந்து வெளிச்சம் வராது. ஆகவே கறுப்புப் பின்னணியில் எடுத்தால், வெள்ளையாக இருக்கிறது மட்டும்தான் முதல் படத்தின் மேல் விழும். மற்ற இடமெல்லாம் முதல் படம் அப்படியே இருக்கும்.

அப்படியே இருக்கும்! நான் எடுத்தது கறுப்பில்!

ஸ்டூடியோவுக்கு ஓடி அமீன் அண்ணனிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் யோசித்தார். "கறுப்பா இருந்தா சரி. ஒங்கப்பா கொட கறுப்பா? வெயில்ல நின்னு நின்னு சாம்பல் நிறமால்ல இருக்கும்? சாம்பலா இருந்தா கல்யாணம் மொத்தமும் பனிமூட்டம் புடிச்ச மாதிரி ஆயிடும்."

இறங்கி வந்தேன். படியில் உட்கார்ந்தேன்.

21 டிசம்பர், புதன்

கச்சாங் பெட்டியிலிருந்து துணியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சாம்பல், பழுப்பு, திட்டுத் திட்டாக. மறு பக்கம் கன்னங்கரேல் என்று இருக்கிறது, வெயிலே படாத உள்பக்கம். எந்தப் பக்கம் மேலே இருந்தது? எத்தனை நாள் அதன் மேல் குனிந்து கிடந்தேன், ஞாபகம் இல்லையே! கறுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் வெள்ளைக் கடலைக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் கறுப்பாகத்தான் தெரியும்.

அடுப்படியில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அன்னைக்கே சொன்னேனே, ஒனக்குக் காது எங்க இருந்துச்சு? வெளிப்பக்கம் நரச்சுப் போச்சு, அசிங்கமா இருக்கு, திருப்பி அடிச்சிருக்கேன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

திருப்பி!

அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தேன். கரண்டியால் ஒரு அடி வைத்தாள். சுகமாக இருந்தது.

1 ஜனவரி 1967, ஞாயிறு

நம்பிக்கை இருக்கிறது. பயமும் இருக்கிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் மற்றது.

10 ஜனவரி, செவ்வாய்

யூசுப் மாமா வந்துவிட்டார். கறுத்து, இளைத்து, கையில் கொழும்புச் சேலைகள். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்: "படம் வந்துடுச்சா?"

14 ஜனவரி, சனி

ரீல் வந்துவிட்டது! அமீன் அண்ணன் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே!

"கல்யாணம் இருக்கு. பனிமூட்டம் கினிமூட்டம் ஒண்ணும் இல்ல. பளிச்சுன்னு இருக்கு."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா ஒன் கடலையும் இருக்கு. உம்மாகிட்ட சொல்லிட்டேன், படத்து மேல கொஞ்சம் கடல விழுந்துடுச்சுன்னு."

"என்ன சொன்னாங்க?"

"கழுவத்தானே அனுப்புன, கழுவும்போதே போயிருக்கணுமேங்குறாங்க."

15 ஜனவரி, ஞாயிறு

பெருநாளும் பொங்கலும் அடுத்தடுத்து வந்ததில் இரண்டு வீட்டிலும் பலகாரம் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே பாயில் பரப்பினார்கள். சுவரில் வெள்ளை வேட்டி கட்டினார்கள். யூசுப் மாமா நடுவில், ஜைனப் அக்கா ஒரு பக்கம், புது மாப்பிள்ளை மறு பக்கம். நான் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேவைப்பட்டால் ஓடலாம்.

ஓடத் தொடங்கியது. கூடாரம், பிரியாணிச் சட்டி, வந்தவர்கள். எல்லாம் தெளிவாக, கலர் கலராக. "அது யாரு?" "மாப்பிள்ளையோட மாமா, வாப்பா." பிறகு மூலையிலிருந்து முதல் கடலை எட்டிப் பார்த்தது. ஒரு யானைக்குட்டி அளவுக்கு. மாப்பிள்ளை வீட்டு மாமாவின் தோளில் ஏறிச் சறுக்கி இறங்கியது. பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது.

நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

யூசுப் மாமா முன்னால் குனிந்தார். "என்னடா இது, கடலையா? மாப்பிள்ள வீட்டு வழக்கமா? கடல தூவித்தான் வரவேப்பாங்களா?"

"எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்லயே மாமா," என்றார் நாகூர் கனி பாவமாக. அப்போதே ஒரு கடலை போய் அவர் மூக்கு மேல் நின்றது. மூக்கின் மேல் மூக்குக்கடலை! ஜைனப் அக்காதான் முதலில் சிரித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் எல்லாரும். மேல்வீட்டுச் சாரக்கார அண்ணன்கூட வாசலில் நின்று சிரித்தார்.

சம்சு மாமி கேமராவைப் பார்த்து ஸலாம் சொல்கிற இடம் வந்தது. ஒரு கடலையும் அங்கே இல்லை. முழு முகம். உதடு அசைகிறது. யூசுப் மாமா சிரிப்பை நிறுத்தினார். மெதுவாக, சுவரைப் பார்த்து, ஸலாமுக்குப் பதில் சொன்னார். அறையில் மெஷின் சத்தம் மட்டும்.

பிறகு ஜைனப் அக்காவும் மாப்பிள்ளையும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கிற காட்சி. அவர்கள் தலைக்கு மேலே வெள்ளைக் கோடுகள் முளைக்க ஆரம்பித்தன. எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். யூசுப் மாமா எழுத்துக் கூட்டுவது காதில் விழுந்தது.

"பே... ர... ர். பேரர். பேரரா!"

"யா அல்லாஹ்! கல்யாணத்தன்னைக்கேவா?" என்றார் சம்சு மாமி.

ஜைனப் அக்கா பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கண்ணைத் திறந்தால், மூன்று கடலையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போய் எழுத்துக்கு முன்னால் உட்காருகின்றன. நான் எத்தனை காலைகள் மூச்சைப் பிடித்து எடுத்த இடம்!

"இது என்ன மூணு புள்ளி?"

பூவம்மா டீச்சர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். சம்சு மாமி முந்திக்கொண்டார். "தெரியலயா? மூணு பேரராம்!"

யூசுப் மாமா கைதட்டினார். நிஜமான கைதட்டல். "யாரு எழுதுனது? அமீன், நீயா?"

அமீன் அண்ணன் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். நான் எழுந்து ஓடவில்லை. கால் மரத்துப்போயிருந்தது.

"வா புள்ள இங்க. கடலைக்காரர் மகளா? இன்னொரு தடவ போடு அமீன், அந்த மூக்கு மேல ஏறுற எடத்துலேருந்து."

மூன்று தடவை ஓட்டினார்கள். கடைசியில்தான் அடுத்த பாதி, என் கடலை மட்டும் கறுப்பில் வீடு தேடி நடக்கிற பாதி. யாருக்கும் கதை புரியவில்லை, முறுக்கு மலையில் எறும்பு வந்ததற்குத்தான் சிரித்தார்கள். அம்மா, "இதுக்கா அந்தப் பாடு பட்ட?" என்றாள். அப்பா மட்டும் சுவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் குனிந்து கேட்டார்:

"அந்த நடுவுல போறது நம்ம கடலதானே? எப்படி நடக்குது பாரு."

16 ஜனவரி, திங்கள்

காலையில் ஸ்கூலுக்குப் போகும்போது கவனித்தேன். நோன்புக்கு முன்னாலிருந்து தோளைத் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறேன் போல. இறக்கிவிட்டேன்.

22 அக்டோபர் 1967, ஞாயிறு

ஜைனப் அக்காவுக்குக் கண்டாங் கெர்பா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. பேரர் இல்லை, பேத்தி. யூசுப் மாமா கப்பலிலிருந்து எனக்கென்று தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: ஒரு புள்ளி வந்தாச்சு, இன்னும் ரெண்டு பாக்கி, எழுதுனவதான் பொறுப்பு. ஜைனப் அக்கா இதைக் கேட்டு, "அவள வந்து இங்க படுக்கச் சொல்லுங்க" என்றாராம்.

குழந்தையை நானும் பார்த்தேன். மூக்கு நாகூர் கனி மூக்குதான். எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிகிறது.

திரும்பி வரும் வழியில் அமீன் அண்ணன் ஒரு பெட்டியை நீட்டினார். பிரிக்காத ரீல்.

"முழுசா ஒனக்கு. கல்யாணம் கில்யாணம் ஒண்ணும் இல்ல. ஒரு பக்கம் ஓடி முடிஞ்சதும் புரட்டிப் போடு. எல்லாம் முடிஞ்சதும் கேமராவ ஸ்டூடியோவுக்குக் கொண்டா. புரியுதா? புரட்டு, கொண்டா."

"சரிண்ணே. முடிஞ்சதும் திருப்பி..."

"அந்த வார்த்தையே வேணாம் லா!"

நாளைக் காலையில் தொடங்குகிறேன். இந்தத் தடவை யார் நடிக்கிறார்கள் என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்பதற்கு முன்பே அம்மா கச்சாங் பெட்டி மேலிருந்த குடைத் துணியை எடுத்து வந்து உதறினாள். ஒரு பக்கம் பார்த்தாள், மறு பக்கம் பார்த்தாள். கன்னங்கரேல் என்று இருந்த பக்கத்தை மேலே வைத்து, ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, இந்தத் தடவை எனக்குக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுத்தியலை எடுத்தாள்.